அத்தைக்கு ஒரு மெமோ

ஞாயிற்றுக்கிழமை
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

எங்கே இருந்தாலும் தினம் பத்து தடவையாவது என் வாயில் விழுந்து எழுகிற என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. நானும் அத்தையும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். வெல்டிங் செய்யும்போது கண்ணாடியை நெற்றியில் மாட்டிக்கொள்ளாமல் கண்ணில் மாட்டிக்கொண்டிருக்கவும் வேண்டும்.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதீர்கள். நம் வீட்டில் இருப்பது இரண்டு அறை. உங்கள் அழைப்பு வந்ததுமே அத்தை "ஸ்பீக்கர்ல போடு" என்று வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு நாம் பேசுவது செய்தி வாசிப்பதுபோலத்தான். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், அங்க மழையா, மழைதான். குறுஞ்செய்தி அனுப்பலாமே என்பீர்கள். அனுப்பிப் பார்த்தேனே. பத்து வரி எழுதினால் பதிலுக்கு ஒரு கட்டை விரல் படம் வருகிறது. ஒரு கட்டை விரலோடு நான் எவ்வளவு நேரம் பேசுவது?

மேனேஜர் ஆகி நேற்றோடு ஒரு மாதம். கண்ணாடி அடைத்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே இருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு முழுதும் தெரியும். வெளியே இருந்து பார்த்தால் நான் முழுதும் தெரிவேன். மூக்கைச் சொறிந்தால்கூட முப்பத்தாறு பேருக்கும் தெரிந்துவிடும். நானூறு படுக்கையின் அழுக்கும் தினமும் காலையில் தள்ளுவண்டியில் வந்து இறங்க வேண்டும், மாலைக்குள் வெளுத்து, காய்ந்து, மடிந்து மேலே போக வேண்டும். ஒரு இயந்திரம் நின்றால் என் நெஞ்சும் சேர்ந்து நிற்கிறது. இருபத்தெட்டு வயதில் இந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான்தானாம். எனக்கு முன்னால் இருந்தவர் முப்பது வருடம் உட்கார்ந்து உட்கார்ந்து நாற்காலியில் ஒரு பள்ளம் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் உட்கார்ந்தால் என் கால் தரையில் படுவதில்லை. யாருக்கும் தெரியாமல் கீழே ஒரு சோப்புப் பெட்டி வைத்திருக்கிறேன்.

முதல் நாள் கூட்டத்தில் நடந்த கூத்தை அத்தை போனில் பாதிதான் சொன்னார்கள். மீதியை நான் சொல்கிறேன். வீட்டில் அத்தை, வேலையில் என் கீழே; அங்கே என்ன என்று கூப்பிடுவது? இதை யோசித்தே இரண்டு நாள் தூக்கம் போயிற்று. கடைசியில் "ஏழாம் நம்பர்" என்று கூப்பிடுவதாக முடிவு. அங்கே எல்லோரும் அவரவர் முத்திரை எண்தானே. மனப்பாடம் செய்துகொண்டு போனேன். முப்பத்தாறு பேர் நின்றார்கள். நான் மிடுக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "விளக்கு மேசை வேலையை அத்தை பார்த்துக்குவாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். துவைக்கும் இயந்திரத்தின் சத்தத்தையும் மீறி ஒரு சிரிப்பு எழுந்தது. அன்றிலிருந்து அவர்கள் அந்தப் பிரிவுக்கே அத்தை ஆகிவிட்டார்கள். மாடியிலிருந்து வரும் நர்ஸ்கூட "அத்தை, பொட்டலம் ரெடியா?" என்றுதான் கேட்கிறாள். எனக்கும் முதுகுக்குப் பின்னால் "மருமக" என்று பெயர் விழுந்திருக்கிறது. கண்ணாடி அறைக்கும் காது உண்டு.

அத்தைக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்கள். சலவைப் பிரிவில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்துத்தானே உங்களுக்குக் கட்டிவைத்தார்கள். இப்போது சாப்பாட்டு அறையில் எல்லோரிடமும் சொல்கிறார்களாம்: "வெளிச்சத்துல விரிச்சுப் பாத்து, ஓட்டை இல்லைன்னு தெரிஞ்சப்புறந்தான் எடுத்தேன்." நீங்களே சொல்லுங்கள், பெண் பார்க்க வந்த பேச்சா இது?

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். விளக்கு மேசை உங்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பலகை, அதன் அடியில் பல்புகள். ஆபரேஷனுக்குப் போகும் பச்சைத் துணியை அதன் மேல் விரித்தால் ஊசி முனை ஓட்டைகூட வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். ஓட்டை வழியாகக் கிருமி போனால் அது ஒரு மனிதரின் வயிற்றுக்குள் போகிறது. அதனால் ஓட்டை உள்ள துணியை ஒதுக்கிவிட்டு, நல்லதைப் பொட்டலமாக மடித்து, பார்த்தவர் தன் எண்ணை முத்திரை குத்துவார். பத்தொன்பது வருடமாக ஏழாம் நம்பர் முத்திரை குத்திய எதுவும் திரும்பி வந்ததில்லை. போன வியாழக்கிழமை வந்தது. ஆபரேஷன் அறையில் பொட்டலத்தைப் பிரித்த நர்ஸ் பார்த்துவிட்டதால் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஓட்டை சின்னது இல்லை. என் சுண்டு விரல் நுழைகிறது.

இன்னொன்று. அத்தை இப்போதெல்லாம் டம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஏன் என்று கேட்டால் சூடு பார்க்கிறார்களாம். பானைத் தண்ணீரில் என்ன சூடு?

புகாருக்குப் பதினைந்து நாளுக்குள் பதில் எழுத வேண்டும். முதல் வாரத்தில் நாலாம் நம்பர் அக்காவின் துணி ஒன்று இதேபோல் திரும்பி வந்தபோது, புது மேனேஜர் வேகத்தில் அவருக்கு மெமோ கொடுத்துவிட்டேன். ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர். அன்று ஒரு நாள் முழுதும் அந்த ரேடியோ பாடவில்லை. இப்போது என்ன செய்யட்டும்? உங்கள் அம்மா. நீங்கள் சொன்னால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

இன்னொரு சின்ன விஷயம். முன்பெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏய், இங்க பாரேன்" என்று ஆரம்பிப்பீர்கள். நான் மேனேஜர் ஆனதிலிருந்து போனில் "சொல்லுங்க மேனேஜர் மேடம்" என்கிறீர்கள். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. லீவு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி


ஞாயிற்றுக்கிழமை
அத்தை தூங்கும் நேரம்

என் அன்புக்கும் கொஞ்சம் கோபத்துக்கும் உரியவருக்கு,

இங்கே நலம் என்று எழுதத்தான் கை வருகிறது. எழுதிவிட்டேன், அப்படியே இருக்கட்டும்.

கடிதம் கிடைத்ததும் நீங்கள் பதில் அனுப்பினீர்கள். "அம்மா மனசு நோகாம பாத்துக்கோங்க மேடம்." அதோடு ஒரு கட்டை விரல். அவ்வளவுதான். நானும் மனசு நோகாமல்தான் பார்த்துக்கொண்டேன். மாடியில் இருக்கும் நிர்வாகத்துக்கு எழுதிய பதிலில், விளக்கு மேசையின் பல்பு மங்கியதால் தவறு நேர்ந்தது, மாற்றிவிட்டோம் என்று எழுதினேன். பல்பு மங்கவே இல்லை. எழுதிவிட்டோமே என்று நல்ல பல்பைக் கழற்றிப் புதுப் பல்பு போடவும் வைத்தேன். அத்தை புது வெளிச்சத்தில் ஒரு துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் நல்லாத் தெரியுது" என்றார்கள். நான் சொன்ன பொய்க்கு அவர்கள் ஒரு பொய் சொல்லி முட்டுக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம்.

பொய் சொன்னால் மட்டும் ஓட்டை அடைபடுமா? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், அத்தை கட்டி வைத்த பொட்டலங்களை நான் பிரிப்பேன். விளக்கு மேசையில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைப்பேன். பதினாறு நாள் செய்தேன். ஒன்பது ஓட்டைத் துணிகளைப் பிடித்தேன். ஒன்பது. ஒவ்வொன்றைப் பிடிக்கும்போதும் பிடித்துவிட்டோம் என்ற நிம்மதியும் வரும், இன்னும் எத்தனை இருக்கிறதோ என்ற பயமும் வரும். என் சாப்பாட்டுப் பாத்திரம் திறக்காமலே வீட்டுக்கு வந்தது. பசிக்கவில்லையா என்று அத்தை கேட்டார்கள். வேலை அதிகம் என்றேன். அது மூன்றாவது பொய்.

எப்படி மாட்டினேன் தெரியுமா? ஒரு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதால் பிரிக்காத பொட்டலம் ஒன்று கீழே திரும்பி வந்தது. அத்தை அதை மடியில் வைத்துத் தடவினார்கள். நம் அத்தை இடதுகைக்காரர் அல்லவா. அவர்கள் மடித்தால் துணியின் கடைசி நுனி இடது பக்கம் காதுபோல நிற்கும். நான் மடித்தால் வலது பக்கம் நிற்கும். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் இது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நுனியை அவர்கள் விரலால் நிமிண்டிக்கொண்டே தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்த்தார்கள். அவ்வளவு தூரத்தில் என் முகம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் நேராக என்னைத்தான் பார்த்தார்கள்.

பட்ட காலிலே படும். அன்று மதியமே ரேடியோ அக்கா சாப்பாட்டு அறையில் எல்லோர் காதிலும் விழும்படி பேசிவிட்டார். நான் மதியத்தில் பொட்டலம் பிரிப்பதை அவரும் பார்த்திருக்கிறார். "மாமியா உடைச்சா மண்குடம், மருமக உடைச்சா பொன்குடம்னு பழமொழி. இங்க மூணாம் மனுஷி உடைச்சாத்தான் பொன்குடம். நான் விட்ட ஓட்டைக்கு மெமோ. அவங்க விட்ட ஓட்டைக்குப் பல்பு." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் கதவுக்குப் பின்னால் தண்ணீர்ப் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை.

அன்று மாலை பேருந்தில் அத்தை என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தோம். கை கால் கழுவிவிட்டு வந்து, "மேடம், சாப்பாடு எடுத்து வைக்கட்டுங்களா?" என்று கேட்டார்கள்.

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. இன்றோடு பதினோரு நாள். வீட்டிலும் நான் மேடம், வேலையிலும் மேடம். "மேடம், குளிக்கத் தண்ணி வச்சிருக்கேன், குளிச்சிட்டு வாங்க." "மேடம், உங்க புடவை காய்ஞ்சிருச்சு." "மேடம், நீங்க முதல்ல சாப்பிடுங்க." நான் உட்கார்ந்தால் எழுந்து நிற்கிறார்கள். என்னை "வாடி, போடி" என்று திட்டிய வாய். கல்யாணமான மூன்றாம் நாளே "உனக்கு அறிவிருக்காடி, பாலை யாராவது இப்படிப் பொங்க விடுவாங்களா" என்று கேட்ட வாய். அன்று அழுதேன். இன்று அந்தத் திட்டுக்கு ஏங்குகிறேன். மரியாதை கொடுத்தே ஒருவரை வீட்டை விட்டு வெளியே தள்ள முடியும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நேற்று தாங்க முடியாமல் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டேன், ஏன் அத்தை இப்படிக் கொல்கிறீர்கள் என்று. காலை மெதுவாக இழுத்துக்கொண்டார்கள். "என் முத்திரைய நம்பாதவங்க எனக்கு மேனேஜர்தான். மருமகன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பா" என்றார்கள். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அவர்களை இளக வைக்க முடியாது.

நீங்கள் மனசு நோகக்கூடாது என்றீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். எங்கே நோகும் என்றுதான் நம் இருவருக்கும் தெரியவில்லை. கண் தெரியவில்லை என்று சொன்னால் நோகும் என்று பயந்தோம். அவர்களுக்கு நொந்தது, சொல்லாமல் விட்டது.

நாளை திங்கள், காலைக் கூட்டம். நான் எழுதிய பதில் பொய் என்று மாடியில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. எனக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். இன்னும் மூன்றரை மாதம் பாக்கி. சொன்னால் நாற்காலி போகலாம். அந்த நாற்காலி மேல் எனக்கு ஆசை இருக்கிறது, அதை உங்களிடம் மறைப்பானேன். சோப்புப் பெட்டியில் கால் வைத்துக்கொண்டாவது அதில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கிறது. இந்த வேலை எனக்கு வருகிறது. காலையில் உள்ளே நுழையும்போது சத்தத்தை வைத்தே எந்த இயந்திரம் இன்று மக்கர் செய்யும் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு வேளை ஓட்டைத் துணி ஒன்று என் கண்ணுக்கும் தப்பியிருந்தால்? பத்தாவது?

அத்தை எழுந்துவிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்று, "மேடம், டீ போடட்டுங்களா?" என்கிறார்கள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

உங்கள்
மனைவி


புதன்கிழமை
எனக்கு மட்டும் விடுமுறை

என் உயிருக்கு,

இரண்டு வாரமாகக் கடிதம் இல்லையே என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை எல்லோரும் வந்து நின்றார்கள். உள்ளங்கை வேர்த்து வழிந்தது. எழுதி வைத்துப் படிக்கலாம் என்று நினைத்த காகிதம் ஈரமாகிவிட்டது. அதனால் அவர்கள் முகத்தைப் பார்த்தபடியே சொன்னேன். ஏழாம் நம்பர் துணி திரும்பி வந்தபோது பல்பு மங்கல் என்று எழுதினேன், அது பொய். அதற்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தேன், அது அதைவிடப் பெரிய தப்பு. நாலாம் நம்பர் அக்காவுக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயம் வைத்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். மாடிக்கும் திருத்தி எழுதிவிட்டேன். இவ்வளவுதான் சொன்னேன். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. உடையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அத்தை வரிசையை விட்டு முன்னால் வந்தார்கள். இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து அந்த ஏழாம் நம்பர் முத்திரையைக் கழற்றினார்கள். அது லேசில் கழலவில்லை, பத்தொன்பது வருடம் அங்கேயே கிடந்தது. எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "மேடம், எனக்கு ஒரு வருஷமா வலது கண்ணு சரியில்ல. இப்ப இடதும் அப்படித்தான். சொன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்கன்னு சொல்லல. ஆஸ்பத்திரியிலேயே வேலை பாத்துக்கிட்டு கண்ணைக் காட்டாம இருந்தது என் தப்பு. அவளுக்குக் குடுத்தீங்கல்ல, எனக்கும் மெமோ குடுங்க."

"குடுங்க மேடம்" என்று கையை நீட்டினார்கள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

எழுதினேன். என் அத்தைக்கு நானே என் கையால் மெமோ எழுதினேன். ரேடியோ அக்காவுக்கு எழுதிய அதே வார்த்தைகள், ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை. அடியில் பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட வேண்டும். அத்தை பேனாவை வைத்துக்கொண்டு காகிதத்தில் கோட்டைத் தேடினார்கள். இங்கே என்று நான் விரலை வைத்தேன். என் விரலைத் தடவிப் பார்த்து, அதை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது ரேடியோ அக்கா என்ன செய்தார் தெரியுமா? முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, வண்டி வந்து அரை மணி நேரமாச்சு, அழுக்கு தானா வெளுக்குமா?" என்று எல்லோரையும் விரட்டினார். அவர் வாயை அன்று முதல்முறையாக எனக்குப் பிடித்தது.

மாடியில் நிர்வாக அதிகாரி என் திருத்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். திட்டவில்லை. "பொய்யைத் திருத்தினதுக்குப் பாராட்ட மாட்டேன். பொய் சொல்லாம இருந்திருக்கணும்" என்றார். என் தகுதிகாண் காலம் இன்னும் மூன்று மாதம் நீண்டிருக்கிறது. ஆக, நாற்காலி தப்பித்தது, நான் இன்னும் தப்பிக்கவில்லை. ஆனால் சூட்டோடு சூடாக, விளக்கு மேசையில் இருக்கும் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை வேண்டும், சரியில்லை என்றால் வேலை போகாமல் வேறு மேசை தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். முறைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதலில் பரிசோதித்ததில் அத்தையைத் தவிர இன்னும் இரண்டு பேருக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. அவர்களும் வாயைத் திறக்காமல்தான் இருந்திருக்கிறார்கள். இப்போது ஒவ்வொரு துணியையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள். அத்தை மேசையில் ரேடியோ அக்கா. பேசிக்கொண்டே இருக்கிறார், கை மட்டும் நிற்பதில்லை. அத்தை இப்போது துணி மடிக்கும் மேசையில். கண்ணை மூடிக்கொண்டு மடித்தாலும் அவர்கள் மடிப்பில் சுருக்கம் விழாது.

அத்தைக்கு இரண்டு கண்ணிலும் புரை. அறுவை செய்தால் தெளிவாகத் தெரியும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்கிறார். வலது கண்ணுக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. இடது கண்ணுக்கு அதற்கு ஒரு மாதம் கழித்து.

எல்லாம் சரியாகப் போயிற்றே, மேடம் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. மெமோ கொடுத்த பிறகும் மேடம்தான். குரலில் இருந்த முள் மட்டும் மழுங்கியிருந்தது. பழகிப்போனதாலா, வெட்கத்தாலா, தெரியவில்லை. கொடுத்த மரியாதையைத் திரும்ப வாங்குவது சங்கடம்போல.

நேற்று ஆபரேஷன் அறை நர்ஸ், கண் அறுவைக்குப் போர்த்தும் துணியைக் காட்ட அத்தையைக் கூட்டிப்போனாள். பயம் தெளியட்டும் என்றுதான். நானும் கூடப் போனேன். முகம் முழுதும் மூடும் பச்சைத் துணி. கண் வரும் இடத்தில் மட்டும் வட்டமாக வெட்டி, ஓரம் அடித்த ஓட்டை. அத்தை அதை வாங்கி, விரலை அந்த ஓட்டைக்குள் விட்டுச் சுற்றிலும் தடவினார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "பத்தொன்பது வருஷமா ஓட்டை, ஓட்டைன்னு தேடி ஒதுக்கினேன். கடைசியில ஆண்டவன் எனக்கு ஓட்டை வச்ச துணியாப் பாத்துக் குடுக்கறான் பாரு." நர்ஸும் சிரித்தாள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் சட்டென்று என் கையைப் பிடித்தார்கள். கை ஜில்லென்று இருந்தது.

"அன்னைக்கு எனக்குப் போத்தற துணிய நீயே பாருடி. வேற யாரும் பாக்க வேணாம். இந்த ஓட்டையத் தவிர வேற ஓட்டை இருக்கக் கூடாது. நீ பாத்தாத்தான் நான் படுப்பேன்."

நீ. பாருடி. இருபத்தேழு நாள் கழித்து. ஆபரேஷன் அறை வாசலில், ஆண்கள் பெண்கள் எல்லோரும் போய் வந்துகொண்டிருந்த இடத்தில், முப்பத்தாறு பேருக்கு மேனேஜரான நான், ஒரு சின்னப் பிள்ளை மாதிரி அவர்கள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். "சீ, மூக்கைச் சிந்தாத, துவைச்ச புடவை" என்று தள்ளினார்கள். மறுபடியும் அழுதேன்.

இனி உங்களுக்கு மட்டும்.

அத்தை அந்த மெமோவைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார்கள். இதுவரை படிக்கவில்லை. நான் படித்துக் காட்டுகிறேன் என்றால் விடவில்லை. கண் சரியானதும் முதலில் அதைத்தான் படிப்பார்களாம். "என் மருமக என்ன எழுதியிருக்கான்னு நானே பாக்கணும். எழுத்துப் பிழை இருந்துச்சு, அப்புறம் இருக்கு அவளுக்கு" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இரண்டாவதாக என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டேன். பேசாமல் போய்விட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியில் இருந்து, "அவனுக்கு இதெல்லாம் எழுதாத. வேலைய விட்டுட்டு ஓடி வரப்போறான். வர வேணாம்னு சொல்லு" என்று குரல் வந்தது. நான் கேட்ட கேள்விக்குத்தான் அது பதில் என்று எனக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

ஆக, அவர்கள் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன்: வர வேண்டாம். இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

நான்கு மாதமாக லீவு என்ன ஆயிற்று என்று கேட்கிறேன். "பாக்கறேங்க மேடம்" என்கிறீர்கள். முதல் முறை மேடம் என்றபோது பெருமையாக இருந்தது. ஊரே நிமிர்ந்து பார்ப்பதுபோல இருந்தது. இப்போது அந்தச் சொல் காதில் விழும்போது யாரோ மெதுவாகக் கதவைச் சாத்தும் சத்தம்தான் கேட்கிறது. இருபத்தேழு நாள் இந்த வீட்டுக்குள்ளேயே அதைக் கேட்டவள் நான். கேலிக்குச் சொல்லும் மேடம் எது, மனதில் ஏதோ வைத்துக்கொண்டு சொல்லும் மேடம் எது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்தது உங்களை எங்காவது உறுத்தியதா? அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா? இருந்தால் மூஞ்சிக்கு நேரே சொல்லுங்கள். இந்த வீட்டில் சொல்லாமல் விட்டதுதான் நோகும். உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான், எனக்கும் அப்படித்தான்.

அந்த நாற்காலி உயரமெல்லாம் இல்லை. நீங்கள் வந்தால் காட்டுகிறேன். கீழே சோப்புப் பெட்டி இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதி காலை ஆறு மணிக்கு நான் விளக்கு மேசையில் அந்தத் துணியை விரித்து நான்கு தடவை பார்ப்பேன். அத்தை உள்ளே போனதும் வாசலில் உட்கார வேண்டும். அங்கே இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். மறுநாள் கட்டுப் பிரிப்பார்கள். அத்தை மெமோவைப் படித்து முடித்துத் தலையைத் தூக்கும்போது இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது எதிரில் இருக்க வேண்டும்.

அத்தைக்குக் கண் நன்றாகத் தெரியட்டும். உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஒரு நெருப்புப் பொறிகூடப் படாமல் இருக்கட்டும். பயணத்தில் சாமான்களைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வேண்டுவது ஒன்றுதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போது வீடு முழுதும் கேட்கிற மாதிரி, பழையபடி ஒரு தடவை என்னைக் கூப்பிடுங்கள். அடுப்படியில் கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு ஓடி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள்
"ஏய், இங்க பாரேன்"